ராசியில்லை என்று எழுதியவன்

போன ஞாயிற்றுக்கிழமை அமராவதிபுதூரில் ஒரு நிச்சயதார்த்தம். என் மனைவியின் பள்ளிக்கூடத் தோழி தெய்வானை ஆச்சியின் மகளுக்கு. போகாமல் இருக்க முடியாது. போகாமல் இருக்க எனக்கு ஆசையும் இல்லை... அந்த வீட்டுப் பந்தியில் வெல்லம் போட்ட கந்தரப்பம் போடுவார்கள்.

உள்ளே நுழைந்தால் தலைக்கு மேலே ட்ரோன் பறக்கிறது. வளவு என்கிற உள்கட்டுக்கு நடுவே, திறந்த முற்றத்தில், ஒரே ரீங்காரம். தூணுக்கு ஒரு கேமராக்காரர் நிற்கிறார். எல்லோரும் மதுரையிலிருந்து வந்த குழுவாம். "மேடம், கொஞ்சம் கேண்டிடா சிரிங்க" என்று ஒருவர் கல்யாணப் பெண்ணிடம் கேட்கிறார். கேமராவைப் பார்க்காதது மாதிரி கேமராவுக்காக எப்படிச் சிரிப்பது? அந்தப் பெண்ணும் பாவம், முயற்சி செய்துகொண்டிருந்தது.

எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. காரைக்குடியில் நாகலிங்கம் இருக்கும்போது மதுரைக்கு ஏன் போனார்கள்?

நாகலிங்கம் எங்கள் ஊர் போட்டோகிராஃபர். சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறார். (இது அவருடைய உண்மைப் பெயர் அல்ல. ஏன் மாற்றினேன் என்பது போகப் போகப் புரியும்.) தெய்வானை ஆச்சி வீட்டு விசேஷம் ஒவ்வொன்றுக்கும் முன்பெல்லாம் அவர்தான் வருவார். பந்தியில் விசாரித்துக்கொண்டு வந்த ஆச்சியிடம் கேட்டேவிட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கூப்பிடணும்னுதான் இருந்தேன். எங்க அப்பச்சிக்கு எண்பத்தி மூணு நடக்குது. பேத்தி நிச்சயத்துல அவுகளையும் உக்கார வச்சுப் படம் எடுக்கணும்ல? அவரு கைக்கு ராசி இல்லைன்னு எல்லாரும் சொல்றாக. நல்ல மனுசன்தான், பாவம்... நீங்ககூட எழுதியிருந்தீகளே."

நீங்ககூட எழுதியிருந்தீகளே.

கந்தரப்பத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். ஷுகர் ஏறிவிடுமென்று பயந்துவிட்டேனாம். என் மனைவி பக்கத்து இலைக்காரரிடம் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு வாரம்... எழுத எதுவுமே சிக்கவில்லை. ஆசிரியர் குழுவிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. அன்று காலை வாக்கிங் போனபோது பார்த்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான் கைகொடுத்தது.

எங்கள் பக்கத்துப் போஸ்டர்களைப் பார்த்திருப்பீர்கள். காலையில் ஆள் போனால் மத்தியானத்துக்குள் சுவரில் ஒட்டிவிடுவார்கள். அவசரத்தில் நல்ல படம் எங்கே கிடைக்கும்? ஆதார் கார்டில் இருப்பதைப் பெரிதாக்கிப் போடுவார்கள். இல்லையென்றால் ஏதோ ஒரு கல்யாணக் குரூப் போட்டோவிலிருந்து வெட்டியெடுப்பார்கள். இறந்தவரின் தோளில் யாருடைய கையோ தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

நாகலிங்கம் எடுத்த படம் என்றால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். பெரியவர்களை அவர் எடுக்கும் விதமே வேறு. பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு. முகச்சுருக்கம் ஒன்றைக்கூட அழிக்க மாட்டார். ஆனால் அந்த முகத்தில் ஒரு கம்பீரம் வந்து உட்கார்ந்திருக்கும். "இந்த மனிதரோடு நாலு வார்த்தை பேசாமல் விட்டுவிட்டோமே" என்று போஸ்டரைப் பார்க்கிறவனுக்குத் தோன்றும். அந்த வருடம் அப்படி நாலு பேருடைய படம் அடுத்தடுத்து சுவருக்கு வந்தது. நாலும் அவர் எடுத்தது.

எனக்கு அது போதாதா?

'எங்கள் ஊரில் எமனுக்கென்று ஓர் ஆஸ்தான போட்டோகிராஃபர் இருக்கிறார்' என்று ஆரம்பித்தேன். 'அவர் ஸ்மைல் ப்ளீஸ் என்றால் வாரிசுகள் உயிலைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள்' என்று ஒரு வரி. 'மனிதர் தங்கமானவர், கைதான் ராசியில்லை' என்று முடித்தேன். பெயர் போடவில்லை. ஆனால் எந்த நாளும் கறுப்பு அரைக்கைச் சட்டை போடுபவர் என்று எழுதியிருந்தேன். காரைக்குடியில் அந்த அடையாளம் போதும், அட்ரஸ் எழுதிய மாதிரிதான்.

அமோக வரவேற்பு. வாசகர்கள் போன் போட்டுச் சிரித்தார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி எனக்கே நாலு தடவை வந்தது. ஒரு வாரம் கழித்து நாகலிங்கத்தை டீக்கடையில் பார்த்தேன். "என்னையப் பத்தி எழுதியிருக்கீகளாம்ல" என்று சிரித்தார். டீக்கு அவரே காசு கொடுத்தார். அவர் சிரித்ததை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பத்தியில் நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். சிங்கப்பூரோ துபாயோ... வந்து பார்த்தால் அப்பாவுக்கு நடை தளர்ந்திருக்கிறது. அம்மாவுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. "இருக்கும்போதே நல்லதாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வோம்" என்று அப்போதுதான் நாகலிங்கத்தைக் கூப்பிடுகிறார்கள். அதாவது, போகப்போகிறவர்களைத்தான் அவர் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் எடுத்ததால் யாரும் போகவில்லை.

இது எனக்கு அன்றைக்கே தெரியும். எழுதவும் செய்தேன். பிறகு படித்துப் பார்த்தால் ஜோக்கின் சூடு குறைந்தது மாதிரி இருந்தது. அந்தப் பாராவை அடித்துவிட்டேன்.

அமராவதிபுதூரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் இந்த 'ராசி'யைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். கெட்ட நேரத்துக்குத் தமிழில் வார்த்தைப் பஞ்சமே கிடையாது. சனியன், பீடை, தரித்திரம், மூதேவி, கெரகம்... ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்! மிக்ஸி ஓடவில்லை என்றால் சனியன். பஸ் போய்விட்டால் கெரகம். பகலில் தூங்கினால் மூதேவி. "சனியனே, சாப்பிட வா" என்று அம்மா கூப்பிட்டால் எந்தப் பிள்ளையாவது கோபித்துக்கொண்டு போகுமா? தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்காரும்.

துரதிர்ஷ்டம் என்று ஒன்று இருக்கிறது. அதை யாரும் வாயால் சொல்வதில்லை. செய்தித்தாளும் என்னைப் போன்றவர்களும் எழுதுவதோடு சரி. "துரதிர்ஷ்டமே, தள்ளி நில்" என்று யாராவது திட்டிக் கேட்டிருக்கிறீர்களா? வீட்டுக்கு வந்ததும் அகராதியைப் பார்த்தேன். அதிர்ஷ்டம் என்றால் கண்ணுக்குத் தெரியாதது என்று அர்த்தமாம். கண்ணுக்குத் தெரியாமல் வரும் கெடுதல்தான் துரதிர்ஷ்டம். யார் மேலும் பழி இல்லை. கௌரவமான வார்த்தை.

'ராசியில்லாதவர்' அப்படிப்பட்டதில்லை. ராசி என்றால் குவியல், கூட்டம் என்று அதே அகராதி சொல்கிறது. வானத்தில் நட்சத்திரக் கூட்டமாக, மேஷம் ரிஷபம் என்று இருந்தது. அது எப்போது இறங்கி வந்து மனிதர் கையில் உட்கார்ந்தது? கைராசி டாக்டர் என்கிறோம். ராசியான பேனா, ராசியான சட்டை என்கிறோம். நல்லதற்குச் சொல்லும்போது எவ்வளவு செல்லமாக இருக்கிறது! ஓர் 'இல்லை'யைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு மனிதரின் பிழைப்பு போய்விடுகிறது.

சனியன் என்று முகத்துக்கு நேரே சொல்வோம். அவரும் பதிலுக்கு ஒன்று சொல்வார். சண்டை வரும், தீரும். ராசியில்லாதவர் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. பின்னால், இரக்கத்தோடு, "பாவம்" என்று சேர்த்துச் சொல்கிறோம். கேட்பவருக்கு அது திட்டாகவே தெரிவதில்லை. சம்பந்தப்பட்டவர் யாரோடு போய்ச் சண்டை போடுவார்?

மறுநாள் நாலு பேரிடம் விசாரித்தேன். நாகலிங்கத்துக்குக் கல்யாண ஆர்டர்கள் முதலில் ஒன்றிரண்டு கைவிட்டுப் போயின. பிறகு வரவேயில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. தேதி மாறிவிட்டது என்றார்கள். மாப்பிள்ளை வீட்டிலேயே ஆள் பார்த்துவிட்டார்கள் என்றார்கள். பிள்ளையார்பட்டியில் நடக்கும் அறுபதாம் கல்யாணங்களுக்கு மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தவரை இப்போது அங்கே பார்க்க முடிவதில்லை. கானாடுகாத்தானில் ஹோட்டலாகிவிட்ட ஒரு பெரிய வீட்டில் மட்டும் எப்போதாவது கூப்பிடுகிறார்களாம். அங்கே வந்து தங்கும் வெளிநாட்டு ஜோடிகளை எடுப்பதற்கு. அவர்களுக்கு இந்த வார்த்தை தெரியாது.

என்ன பரிகாரம் செய்யலாம் என்று யோசித்தேன். இந்தப் பத்திக்கு மேலே என் படம் ஒன்று வருகிறதே, பார்த்திருப்பீர்கள். தலையில் முடியோடு இருப்பேன். நேரில் பார்ப்பவர்கள் ஏமாந்து போகிறார்கள். புதுப் படம் எடுக்க வேண்டியதுதான். அதை நாகலிங்கம் எடுக்கட்டும். 'படம்: இன்னார்' என்று அவர் உண்மைப் பெயரோடு போடச் சொல்லி ஆசிரியரிடம் கேட்போம். வாராவாரம் என் முகம் வரும், நான் வாராவாரம் உயிரோடு எழுதுவேன். அதைவிட வேறு என்ன மறுப்பு வேண்டும்?

திட்டத்தை மனைவியிடம் சொன்னேன். "செய்யுங்க. அதுக்கு இப்ப என்ன அவசரம்? பிரஷர் கொஞ்சம் எறங்கட்டுமே" என்றாள். படித்தவள், பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்! எங்கள் மகன் கல்யாணத்தை எடுத்ததே அவர்தானே, அவர்கள் இரண்டு பிள்ளைகளோடு நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று அரைமணி நேரம் பேசினேன். அவள் கீரை ஆய்ந்து முடித்துவிட்டு எழுந்து போனாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்டுடியோவுக்குப் போனேன். வெளியே ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று புதிதாக போர்டு தொங்கியது. ஷோகேஸில் முன்பு பெரியவர்களின் படங்களை வரிசையாக வைத்திருப்பார். இப்போது அங்கே கவர்களும் பேனாக்களும் இருந்தன. நாகலிங்கத்துக்கு ஐம்பது வயது இன்னும் ஆகவில்லை. அவர் போட்டிருந்தது நீல நிறச் சட்டை. என் கண் அதிலேயே போய் நின்றதை அவரும் கவனித்தார்.

"வாங்கண்ணே. உக்காருங்க" என்று ஃபேனை என் பக்கம் திருப்பினார்.

மன்னிப்புக் கேட்பதற்கு எழுத்தாளனுக்கு வார்த்தை கிடைக்காதா என்றுதான் போயிருந்தேன். கிடைக்கவில்லை. ஏதோ உளறினேன். அவர் கையமர்த்தினார். நான் எழுதாவிட்டாலும் வேறு யாராவது சொல்லித்தான் இருப்பார்கள் என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறார்! அதற்குப் பதில் அவர் நாலு அடி அடித்திருக்கலாம்.

படம் எடுக்க வேண்டும் என்றேன். எதற்கு என்பதையும் சொன்னேன். பிறகு எழுந்து உள்ளறைக்குக் கூட்டிப் போனார். ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஒரு விளக்கைப் பக்கவாட்டில் வைத்தார், நகர்த்தினார், மறுபடி நகர்த்தினார். என் காலரைச் சரி செய்தார். இரண்டு விரலால் மோவாயைத் தொட்டுக் கொஞ்சம் அங்குட்டுத் திருப்பினார். அந்த விரல்களில் அவ்வளவு நிச்சயம். கேமராவைக் கண்ணில் வைத்தார்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கேமராவைக் கீழே இறக்கினார். மேஜையில் வைத்தார். "வேணாம்ணே" என்றார்.

என்ன ஆயிற்று என்று கேட்டேன். விளக்கை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"தெரியாதவகளை எடுத்துருவேன்ணே. ஃபாரத்துக்கு, பாஸ்போர்ட்டுக்குன்னு வாராக. எடுத்துக்கிட்டுப் போயிருவாக. அவுக என்ன ஆனாகன்னு எனக்குத் தெரியப்போறதில்ல. தெரிஞ்சவகளை எடுத்தா அன்னையிலருந்து நாளை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கணும். உங்களுக்கு ஒரு காய்ச்சல்னு கேள்விப்பட்டாக்கூட எனக்குத் தூக்கம் போயிரும்."

இதையெல்லாம் நீங்களே நம்பலாமா என்று கேட்டேன். மகன் கல்யாணக் கதையை மறுபடி எடுத்தேன். போகப்போகிறவர்களைத்தானே எடுத்தீர்கள், எடுத்ததாலா போனார்கள் என்று, அன்றைக்கு அடித்த அந்தப் பாராவை இப்போது அவர் முன்னால் வாயால் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"எனக்குத் தெரியாதாண்ணே? எங்க அம்மாவை ஆடி மாசம் எடுத்தேன். ஆவணியில போயிட்டாக. முடியாமக் கெடந்தாகன்னுதான் எடுத்து வச்சேன். கிட்னி போச்சுன்னு டாக்டர் சொன்னப்பறம்தான் எடுத்தேன். எல்லாம் தெரியும். ஆனா போஸ்டருக்கு நானே அந்தப் படத்தை எடுத்துக் கொடுக்கயில... ஊரு சொல்றது சரிதானோன்னு ஆயிப்போச்சு."

ஜெராக்ஸ் எடுக்க ஒருவர் வந்தார். நாகலிங்கம் எழுந்து போய் எடுத்துக் கொடுத்தார். அந்த நேரத்தில் அவர் மகள் சைக்கிளில் வந்து இறங்கினாள். பிளஸ் டூ படிக்கிற பெண். பரீட்சை விண்ணப்பத்துக்குப் போட்டோ ஒட்ட வேண்டுமாம். கையில் ஒரு சின்னக் கவரை வைத்திருந்தாள். அப்பாவிடம் நீட்டினாள்.

கவரின் மேல் இன்னொரு ஸ்டுடியோவின் பெயர் அச்சடித்திருந்தது. நாலு கடை தள்ளி இருப்பது.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் அந்த இடத்தில் இருக்க முடியவில்லை. நாகலிங்கம் எட்டு படங்களையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு பக்கம் இருட்டாக விழுந்திருக்கிறது, கண்ணில் உயிரே இல்லை, இன்னொரு தடவை எடுத்துத் தரச் சொல்லிக் கேள் என்றார். அந்தப் பெண் நகரவில்லை.

"நீங்களே எடுங்கப்பா" என்றாள்.

கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. பல தடவை கேட்டுப் பழகிப்போன குரல். அவர் ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் திறந்து, துணியால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அவள் கவரை வாங்கிக்கொண்டு சைக்கிளை எடுத்தாள்.

கிளம்பும்போது இதை எழுதலாமா என்று கேட்டேன். இந்தத் தடவை கேட்டுவிட்டு எழுத வேண்டும் என்றாவது தோன்றியதே. வாசல் வரைக்கும் வந்தார்.

"எழுதுங்கண்ணே. பேரு மட்டும் வேணாம். அப்பறம், சிரிக்கிற மாதிரி எழுதிராதீக."

எழுதிவிட்டேன். முடிந்தவரை சிரிக்காமல்தான் எழுதியிருக்கிறேன். அங்கங்கே பழக்க தோஷத்தில் ஏதாவது நழுவியிருந்தால் அவர் பொறுத்துக்கொள்வார்... பொறுத்துக்கொள்கிறவர் என்பதுதானே பிரச்சினை. படிப்பவர்களில் காரைக்குடிக்காரர்கள் இருந்தால், உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவரைக் கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளலாமென்று நினைத்தேன். கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஏனென்றால் ஒன்றை இன்னும் உங்களிடம் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன் அல்லவா? பகுத்தறிவோடு, பரிகாரத்தோடு, முகத்தில் ஒரு பக்கம் வெளிச்சத்தோடு?

அவர் கேமராவைக் கீழே இறக்கி "வேணாம்ணே" என்றபோது, எனக்கு அப்பாடா என்றிருந்தது.